கைநழுவிய சால்மனும் பதினேழு கடிதங்களும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, “செப்டம்பர் கடைசியில் ஸ்காட்லாந்தின் டே நதியில் ஒரு காலைப்பொழுது சால்மனுக்குத் தூண்டில் போட்டேன், வெறுங்கையோடு திரும்பினேன்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். கேட்ட கேள்விக்கான பதிலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் பதினேழு கடிதங்கள். ஆகவே இந்த முறை முழுக்க மீன்தான். கடிதங்களில் வந்ததோடு, கதை நடுவே எழக்கூடிய கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன். மீன் பிடிக்காதவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: வெறுங்கையோடு திரும்பினேன் என்றால் என்ன அர்த்தம்? மீன் மாட்டவே இல்லையா, மாட்டித் தப்பியதா? தெளிவாகச் சொல்லுங்கள்.

மாட்டவே இல்லை என்று எழுதித் தப்பித்திருக்கலாம். ஆனால் சாட்சிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அதோடு, என்னை அழைத்துப்போன நண்பர் இந்தப் பகுதியை விடாமல் வாசிப்பவர். எனவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மீன் வந்தது. நான்தான் கெடுத்தேன்.

டன்கெல்டு என்ற சிற்றூருக்குச் சற்றுக் கீழே, நதிக்கரையில் ஒரு மரக்குடில். காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தோம். மூன்று நாள் முன்பு நல்ல மழை. தண்ணீர் ஏறி, அப்போது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஏறும் தண்ணீரைவிட இறங்கும் தண்ணீரில்தான் சால்மன் வாய் திறக்கும் என்பார்கள். கரி மண் நிலங்களைக் கழுவிக்கொண்டு வருவதால் நதி பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது. வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தோம்: 11 டிகிரி. எதிர்க்கரை தெரியாத அளவுக்கு மூடுபனி. பனிக்குள் எங்கேயோ ஒரு மீன் எகிறி விழுந்த சத்தம் மட்டும் வந்தது. யாரோ பலகையைத் தண்ணீரில் தட்டையாகப் போட்டது போல.

நான்கு பேர், இரண்டு மடுக்கள். நண்பரும் அந்தக் குழுவில் இருந்த இளைஞரும் மேல் மடுவுக்குப் போனார்கள். எனக்குக் கீழ் மடு. எனக்கு முன்னால், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. அவர் நீரோட்டத்தோடு ஐம்பது அடி நகர்ந்த பிறகு நான் தலைப்பகுதியில் இறங்கினேன். ஒரு வீச்சு, இரண்டு எட்டு. மறுபடி ஒரு வீச்சு, இரண்டு எட்டு. இப்படியே மடுவின் வால் வரை நடக்க வேண்டும். நூலைக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசினால் நீரோட்டமே அதை ஒரு வில் போல இழுத்துக்கொண்டு நம் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். நாம் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது.

ஒன்பதே முக்கால் இருக்கும். நூல் பாதி வில் வந்திருந்தது. திடீரென்று கனத்தது. கடி என்று சொல்ல மாட்டேன். தண்ணீருக்குள் யாரோ ஈரத்துணியின் நுனியைப் பிடித்து நிதானமாக இழுப்பது போல இருந்தது. நூல் சுற்றிய ரீல் அரைச் சுற்று சுழன்றது. அந்த நொடியில் என் வலது கை, என்னைக் கேட்காமல், கோலைப் படாரென்று மேலே தூக்கியது. கனம் போய்விட்டது. நூல் தொளதொளவென்று தண்ணீரில் கிடந்தது.

கரையில் நின்றிருந்த வழிகாட்டி, கில்லி என்பார்கள், கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒரே வார்த்தை கேட்டார்: “டிரவுட்டா?”

ஆமாம் என்று தலையசைத்தேன். இருபது வருடமாக டிரவுட் என்ற ஆற்று மீனையே பிடித்துப் பழகிய கை இது. என்னைப் பார்க்காமலே, கோல் எழுந்த விதத்தைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டார்.

கேள்வி: கோலைத் தூக்கினால்தானே முள் பதியும்? அதில் என்ன தப்பு?

மீன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரவுட்டுக்குப் பெரும்பாலும் மேல்நோக்கி வீசுவோம். மீன் நமக்கு முதுகைக் காட்டி, நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். கோலைத் தூக்கினால் முள் பின்பக்கமாக இழுபட்டு வாயில் தைக்கும். அதோடு, அது இரையல்ல என்று தெரிந்த மறுநொடியே டிரவுட் துப்பிவிடும். அதனால் வேகம் வேண்டும்.

சால்மனுக்குக் கீழ்நோக்கி வீசுகிறோம். மீன் நமக்குக் கீழே, நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. எழுந்து வந்து வாயில் வாங்கி, தன் பழைய இடத்துக்குத் திரும்பும். அது திரும்பும்வரை நூலைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நூல் வாயோரமாக வழுக்கி, தாடை மூலையில் முள் தானாகப் பதியும். திரும்பும் முன் தூக்கினால், திறந்த வாயிலிருந்து நாமே பறித்துக்கொள்கிறோம். நான் செய்தது அதுதான். கில்லியின் கணக்குப்படி, ரீல் பாடத் தொடங்கி, அந்தப் பாட்டு உங்களுக்குச் சலிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். அதன்பிறகு கோலை நிதானமாக உயர்த்தினால் போதும்.

இதெல்லாம் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். படித்திருந்தேன், நண்பர் காரில் வரும்போது இரண்டு முறை சொன்னார், குடிலில் கில்லி ஒரு முறை சொன்னார். தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

கேள்வி: அந்த மீன் எவ்வளவு எடை இருக்கும்?

பார்க்காத மீனுக்கு எடை சொல்வதில்லை. (நண்பர் பதினைந்து பவுண்டு என்கிறார். அவர் மேல் மடுவில் இருந்தார்.)

கேள்வி: கில்லி என்றால் யார்? நம்ம ஊர் கில்லியா?

ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் அந்தச் சொல்லுக்குப் பையன், ஏவலாள் என்று பொருள். இன்றைக்கு, ஒரு குறிப்பிட்ட நதித்துண்டைப் பராமரித்து, அங்கே மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுபவர். எந்தக் கல்லின் பின்னால் மீன் தங்கும், தண்ணீர் அரை அடி ஏறினால் அது எங்கே நகரும், இன்றைக்கு எந்தப் பொய்யிரை என்பதெல்லாம் அவர் கையில். ஒருவரைக் கில்லி என்றால் நாம் என்ன அர்த்தத்தில் சொல்வோமோ, அதுவும் இவருக்குப் பொருந்தியது. என் பெட்டியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மரியாதையாக மூடி, தன் தொப்பியிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டினார். ஆரஞ்சு நிற மயிர் நீளமாகத் தொங்கும் ‘அல்லீஸ் ஷ்ரிம்ப்’. பெயர்தான் இறால். எனக்கென்னவோ அது தீப்பிடித்த பல்துலக்கி மாதிரி இருந்தது. முள்ளில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித்தான் கட்டினார். மீனை விடுவிக்கும்போது சதை கிழியாமல் இருக்க.

கேள்வி: நதிக்குள் வந்த சால்மன் எதுவும் சாப்பிடாது என்று படித்தேன். சாப்பிடாத மீனுக்கு எதற்கு இரை?

பதினேழு கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

நீங்கள் படித்தது சரி. முட்டையிட நதிக்குத் திரும்பும் சால்மன் கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் மாதக்கணக்கில் வாழ்கிறது. ஜனவரியிலேயே நதியேறும் மீன்கள் உண்டு. அவை முட்டையிடப்போவது நவம்பர் வாக்கில். அதுவரை பட்டினி. குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும். அப்படியானால் ஏன் கவ்வுகிறது? கோபம் என்கிறார்கள் சிலர்: தன் இடத்தில் அந்நியம் நுழைந்தால் விரட்டுகிறது. பழக்கம் என்கிறார்கள் சிலர்: சின்னவயதில் இதே நதியில் பூச்சி தின்ற, கடலில் இறால் வகைகளைத் தின்ற நினைவு தாடையில் மிச்சமிருக்கிறது. வெறும் ஆர்வம் என்போரும் உண்டு. கை இல்லாத உயிர் எதையும் வாயால்தானே தொட்டுப் பார்க்கும். ஆராய்ச்சியாளர்களும் ஒரே பதிலில் வந்து நிற்கவில்லை.

எனக்கு இரண்டாவது காரணம் பிடித்திருக்கிறது. காரணம் சுயநலம். பசியே இல்லாமல் பழைய பழக்கத்தால் அந்த மீன் வாய் திறந்தது. தேவையே இல்லாமல் பழைய பழக்கத்தால் நான் கோலைத் தூக்கினேன். நீரின் இரண்டு பக்கமும் ஒரே வியாதி.

இன்னொன்று: நீங்கள் பார்க்கும்படி எகிறிக் குதிக்கும் மீன் பெரும்பாலும் கவ்வாது. முதுகை மட்டும் காட்டி, தலை, பிறகு வால் என்று வழுக்கிப்போகும் மீன்தான் கவ்வும். இது கில்லி சொன்னது. விஞ்ஞானம் இல்லை, ஆனால் அந்தக் காலை அப்படித்தான் நடந்தது.

கேள்வி: பதினைந்து அடிக் கோலை எப்படி வீசுவது? கை வலிக்காதா?

கை வலிக்காது, இடுப்பு வலிக்கும். இரண்டு கையாலும் பிடிக்கும் கோல் அது. டே பிரிட்டனிலேயே அதிகத் தண்ணீர் கொண்டுபோகும் நதி, அகலமானது. ஒற்றைக்கைக் கோல் பத்தாது. கரையில் மரம் நெருங்கி நிற்பதால் நூலைப் பின்னால் விசிறவும் முடியாது. அதற்காக உருவானது ஸ்பே வீச்சு; வடக்கே ஓடும் ஸ்பே நதியின் பெயர் அது. நூலைத் தண்ணீரிலிருந்து உரித்து, பக்கவாட்டில் ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, அதன் நுனி மட்டும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே முன்னால் தள்ள வேண்டும். தண்ணீரின் பிடிமானம்தான் கோலை வளைக்கிறது. பலம் போட்டால் கெட்டது. மேல்கையால் தள்ளுவதைக் குறைத்து, கீழ்கையை வயிற்றுப் பக்கம் இழுக்கச் சொல்வார்கள். பத்தில் இரண்டு முறை எனக்குச் சரியாக வந்தது. அந்த இரண்டு முறை நூல் சத்தமில்லாமல் விரிந்து போனதைப் பார்த்தபோது, மீன் வேண்டாம், இதுவே போதும் என்று தோன்றியது. மற்ற எட்டு முறை அப்படித் தோன்றவில்லை.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வீசக்கூடாது. முள் காதில் வந்து நிற்கும். கண்ணாடி கட்டாயம். பார்வைக்காக இல்லை, கண் இருப்பதற்காக.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. நதிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டுமா?

படகிலிருந்தும் கரையிலிருந்தும் பிடிக்கலாம். இறங்கினால், மார்பு வரை வரும் வேடர்ஸ் என்ற நீர்புகா உடை, அதன்மேல் இடுப்பில் இறுக்கிய பெல்ட், காற்றடைத்துக்கொள்ளும் உயிர்காப்பு உடுப்பு, ஊன்றுகோல் நான்கும் வேண்டும். பெல்ட் அலங்காரத்துக்கு அல்ல. விழுந்தால் கால்பகுதிக்குள் தண்ணீர் நிரம்பாமல் தடுப்பது அதுதான். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, கால் முன்னால், தலை பின்னால். நீரோட்டத்தை எதிர்க்காமல் மெல்லக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஊன்றுகோலால் தரையைத் தொட்டுப் பார்க்காமல் அடுத்த எட்டு வைக்கக்கூடாது. என் முழங்கால் ஏற்கனவே ஒத்துழைக்காத ரகம். தொடை வரைதான் இறங்கினேன். அதுவே என்னைக் கீழ்நோக்கி நகரச் சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தது.

கேள்வி: எழுபது வயது அம்மா மீன் பிடித்தாரா? பெண்கள் இதில் அதிகம் உண்டா?

எண்ணிக்கையில் ஆண்கள்தான் அதிகம். ஆனால் பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட மிகப்பெரிய சால்மன் ஒரு பெண்ணின் கையில் வந்தது, அதுவும் இதே டே நதியில், நான் நின்ற இடத்துக்குச் சில மைல் கீழே. ஜார்ஜினா பாலன்டைன் என்பது அவர் பெயர். 1922 அக்டோபர் 7. துடுப்புப் போட்டது அவருடைய அப்பா. மாலையில் மாட்டிய மீன் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் படகை இழுத்துக்கொண்டு போய், இருட்டிய பிறகுதான் கரையேறியது. 64 பவுண்டு, நம் கணக்கில் 29 கிலோ. அதைப் பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருடம் கடந்தும் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. கடைக் கண்ணாடிக்குள் வைத்திருந்த அந்த மீனைப் பார்த்த இரண்டு கிழவர்கள், ஒரு பெண் இதைப் பிடித்திருக்கவே முடியாது என்று பேசிக்கொண்டதை, பின்னால் நின்ற ஜார்ஜினா கேட்டுச் சிரித்தார் என்று ஒரு கதை உண்டு.

நான் சொன்ன அம்மாவுக்குப் பத்தரை மணிக்கு மாட்டியது. மடுவின் வாலில், என் மீன் போன இடத்துக்கு நாற்பது அடி கீழே. அவருடைய ரீல் பாடியது. அவர் கோலை அசைக்கவே இல்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நான் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பிறகுதான் கோல் எழுந்தது, அதுவும் தூங்கும் குழந்தையைத் தூக்குவது போல.

பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கில்லி மேல் மடுவுக்குப் போயிருந்ததால் வலை என் கைக்கு வந்தது. “மீனைத் துரத்தாதீர்கள், வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நில்லுங்கள், நான் அதைக் கொண்டுவருகிறேன்” என்றார் அந்த அம்மா. நின்றேன். அந்தக் காலையில் சும்மா நிற்கச் சொன்ன மூன்றாவது ஆள் அவர். இந்த முறை கேட்டுக்கொண்டேன்.

பெண்மீன். ஒன்பது பவுண்டு இருக்கலாம் என்றார் அவர். கடல் வெள்ளி மங்கி, செம்பும் ஊதாவும் கலந்த நிறம் ஏறியிருந்தது. வலைக்குள்ளேயே, தண்ணீரை விட்டு எடுக்காமல், முள்ளைக் கழற்றினார். வாலுக்குச் சற்று முன்னால் ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை. தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தார். செவுள் திறந்து மூடியது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு வால் ஒரு முறை முறுக்கியது, கை காலியாக இருந்தது. போட்டோ எடுத்தேன். தண்ணீர் மட்டும் விழுந்திருக்கிறது.

கேள்வி: பிடித்ததை ஏன் விட வேண்டும்? சட்டமா, பெருந்தன்மையா?

கொஞ்சம் சட்டம், நிறைய அவமானம். ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1-க்கு முன் எந்த நதியிலும் பிடித்த சால்மனைக் கொல்லக்கூடாது. 2016 முதல் நதிகளை ஒவ்வொரு வருடமும் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் வருடம் முழுக்க எல்லா மீனையும் விட்டாக வேண்டும். கடலோரத்தில் வலை போட்டுச் சால்மனை எடுப்பதும் அந்த வருடத்தோடு நின்றது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கவும் முடியாது; அது 2002-லேயே தடை. இதற்கு வெளியே, வைத்துக்கொள்ள அனுமதி இருக்கும் இடத்திலும் மக்களே விட்டுவிடுகிறார்கள். பிடிபடுவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் தண்ணீருக்கே திரும்புகிறது. முட்டை நிறைந்த ஒரு பெண்மீனைத் தலையில் அடித்துப் பையில் போட்டுக்கொண்டு குடிலுக்குத் திரும்பினால், யாரும் திட்ட மாட்டார்கள். யாரும் பேசவும் மாட்டார்கள்.

கேள்வி: நிலைமை அவ்வளவு மோசமா?

மோசம்தான். 2023 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளது என்று பட்டியலில் சேர்த்தது. கடலுக்குப் போகும் குஞ்சுகளில் திரும்பி வருவது மிகச்சில. கடல் சூடாகிறது, அங்கே இரை இடம் மாறுகிறது. நதியில் அணை, தடுப்பு. கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் மீன் திணறுகிறது. அப்போது தூண்டிலை மடித்துவைப்பதுதான் முறை. கரையோரம் நிழலுக்காக மரம் நடுகிறார்கள். மீன் வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து பரவும் கடல்பேன் பற்றியும் சண்டை நடக்கிறது. ஒரே குற்றவாளி இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

கேள்வி: நான் கனடாவில் ஃப்ரேஸர் நதிப்பக்கம் இருக்கிறேன். இங்கே முட்டையிட்டதும் சால்மன் செத்துவிடும். அங்கேயும் அப்படியா?

உங்கள் பக்கத்து சாக்கை, சினூக், கோஹோ எல்லாம் பசிபிக் இனங்கள். அவற்றுக்கு முட்டையிடுவதே கடைசி வேலை. அட்லாண்டிக் சால்மன் வேறு பேரினம். முட்டையிட்டுப் பலவும் சாகின்றன, ஆண்கள் அதிகம். ஆனால் சில, எலும்பும் தோலுமாகக் கடலுக்கு இறங்கிப் போய், தேறி, மறுபடி வந்து முட்டையிடும். குதிக்கிறவன் என்று பொருள்படும்படி ‘சாலர்’ என்ற லத்தீன் பெயர் வைத்திருக்கிறார்கள். மீன்கள் நதியேறுவதைப் பார்க்கக் குழந்தைகளோடு வந்தால், பிட்லாக்ரி அணைக்குப் போங்கள். அணைக்குப் பக்கத்திலேயே மீன்கள் ஏறிப்போக 34 தொட்டிகள் கொண்ட ஓர் ஏணி கட்டியிருக்கிறார்கள். அந்த நதி டம்மல். டன்கெல்டுக்கு மேலே டேயில் சேர்கிறது. என்னிடம் கோபித்துக்கொண்டு போன மீனும் அந்த ஏணியில் ஏறியிருக்கலாம்.

கேள்வி: கிரீன்லாந்துவரை போன மீன் தன் நதியை எப்படி அடையாளம் காண்கிறது?

கரையை நெருங்கும்வரை பூமியின் காந்தப்புலம் வழிகாட்டுகிறது என்கிறார்கள். நதிவாயிலுக்கு வந்த பிறகு மூக்கு. இதைக் கண்டுபிடித்த கதை அழகானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர், 1940களில் தான் வளர்ந்த யூட்டா மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். அருவி இன்னும் கண்ணில் படவில்லை. அங்கிருந்து வந்த குளிர்காற்றில் பாசியும் காட்டுப்பூவும் மணத்தன. மறந்தே போயிருந்த பால்ய நண்பர்கள், பெயர்கள் எல்லாம் குபுகுபுவென்று நினைவுக்கு வந்தன. எனக்கே இப்படியென்றால் மீனுக்கு ஏன் கூடாது என்று யோசித்தார். பிறகு அவர் குழு, குஞ்சுப் பருவத்தில் ஒரு செயற்கை ரசாயனத்தின் வாசனைக்குப் பழக்கிய கோஹோ சால்மன்களை மிச்சிகன் ஏரியில் விட்டது. அவை வளர்ந்து திரும்பும் பருவத்தில் ஒரு ஓடையில் அதே ரசாயனத்தைக் கலந்தார்கள். மீன்கள் அந்த ஓடைக்கே வந்தன.

கேள்வி: நேரே போய்த் தூண்டில் போடலாமா? உரிமம் வேண்டுமா?

இங்கிலாந்தில் உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் வேண்டாம். அதற்குப் பதில் மீன்பிடி உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அது இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம். நதிக்கரை நிலம் ஒருவரிடமும் சால்மன் பிடிக்கும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம். ஒரு நாளுக்குச் சில பத்துப் பவுண்டில் கிடைக்கும் இடமும் உண்டு, பல நூறு கேட்கும் இடமும் உண்டு. டேயில் பருவம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்து முழுக்கச் சால்மனுக்கு விடுமுறை.

கேள்வி: தின்பதற்குமில்லை, விற்பதற்குமில்லை. விளையாட்டுக்காக ஒரு உயிரை முள்ளில் மாட்டி இழுப்பது கொடுமை இல்லையா?

கோபமாக எழுதியிருந்தீர்கள். நியாயம்.

மீனுக்கு வலிக்காது என்று தூண்டில்காரர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003-ல் எடின்பரோ அருகே ரோஸ்லின் நிறுவனத்தில் நடந்த ஆய்வு, டிரவுட்டின் முகத்தில், நாம் முள் தைக்கும் அதே இடத்தில், வலியுணர் நரம்புகள் இருப்பதைக் காட்டியது. அது எப்படி உணர்கிறது என்பதில் விவாதம் தொடர்கிறது. ஒன்றும் உணராது என்று நான் சொல்ல மாட்டேன்.

நதியைக் காப்பதற்கான பணத்தில் பெரும்பங்கு தூண்டில்காரர்களிடமிருந்து வருகிறது, கில்லி மாதிரி ஆட்கள் கரையில் இருப்பதால்தான் திருட்டு வலை பிடிபடுகிறது என்று ஒரு வாதம் உண்டு. உண்மையும்கூட. ஆனால் அந்தக் காலை நான் தண்ணீரில் இறங்கியது நதியைக் காக்க அல்ல. அந்த ஈரத்துணி இழுப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. என் பக்கம் பலமான பதில் இல்லை. எதிர்முள்ளை நசுக்குவது, சண்டையை நீட்டாமல் சீக்கிரம் கொண்டுவருவது, தண்ணீரை விட்டுத் தூக்காமல் இருப்பது, சூடான நாளில் போகாமல் இருப்பது. இவ்வளவுதான் என்னால் செய்ய முடிகிறது. நீங்கள் இதை ஏற்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

கேள்வி: மறுபடியும் போவீர்களா?

ஏப்ரலுக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை பயிற்சி. வீட்டுத் தோட்டத்தில் கோலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். நூலின் மறுமுனையை, முள்ளுக்குப் பதில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, வேலிப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டே, நினைத்தபோது ஒரு இழுப்பு இழுப்பார். நான் அசையக்கூடாது, நான்கு எண்ண வேண்டும். முதல் நாள் பத்துக்கு இரண்டு. நேற்று பத்துக்கு ஆறு.